வலது மணிக்கட்டு

"இதைச் செஞ்ச ஆளுக்கு அந்த ஆபரேஷன் நடக்கணும்னு எண்ணமே இல்ல. நடக்கப் போற கடைசி நிமிஷத்துல யாராவது பார்த்துப் பிடிச்சிடணும். அதுதான் அவங்க கணக்கு" என்றான் ஸ்டாப்வாட்ச்.

"பிரமாதம்!" என்று மேஜையைத் தட்டினார் அக்கா. "இந்தக் கோணத்துல யாருமே யோசிக்கல பாருங்க."

ஸ்பீக்கருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், காலை ஒன்பதரை மணிக்கு வண்டியை நிறுத்தும்போது அவன் சொல்லியிருந்தான். அதற்கு அக்கா சொன்ன பதில்: "பின்னாடி பார்த்து எடு, கம்பத்துல இடிச்சிடப் போற."

எட்டு வருஷமாக அவன் அக்காவிடம் உதவியாளன். அதற்கு முன் அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டு, மாடியில் ஒரு அறை எடுத்து, 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டினார். பலகையை மாட்ட ஆணி அடித்தவன் ஸ்பீக்கர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயரை வைத்ததும் அக்காதான். அவன் பேச்சில் பாதியை அவர் கேட்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். மீதிப் பாதியையாவது கேட்கிறார் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

ஸ்டாப்வாட்சை அக்காவுக்கு ஒன்றரை மணி நேரமாகத்தான் தெரியும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வேலைத்திறனை உயர்த்த வந்திருக்கும் ஆலோசகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். முப்பத்தெட்டு வயது இருக்கும். மடித்துவிட்ட சட்டைக் கை, கச்சிதமான தாடி, கழுத்தில் நீல நாடா. எந்த நோயாளி எத்தனை நிமிஷம் காத்திருக்கிறார், எந்த நர்ஸ் எத்தனை அடி நடக்கிறார் என்று ஆறு வாரமாக அளந்து தள்ளியவர்கள் இவர்கள். வார்டு ஆட்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். அது அவனுக்கும் தெரியும், சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பைத்தான் ஸ்பீக்கரால் தாங்க முடியவில்லை. கேலி செய்தால் கோபப்படாதவனை வேறு எப்படித்தான் வெறுப்பது?

மேஜைமேல் வெட்டி எடுக்கப்பட்ட இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள் கிடந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

வழக்கு இதுதான். ஆலோசகர்கள் கொண்டுவந்த புது ஏற்பாட்டில், வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வண்ணப் பட்டை. சிவப்பு என்றால் இன்று ஆபரேஷன். மஞ்சள் என்றால் பரிசோதனை. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். ஐந்தாம் வார்டில் பதினான்காம் கட்டிலில் ஒரு பள்ளி வேன் டிரைவர். காய்ச்சல் தெளிந்து அன்று காலை வீடு திரும்ப வேண்டியவர். பதினைந்தில் ஒரு தையல்காரர். அன்று அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலை ஆறரை மணிக்கு நர்ஸ்கள் பணி மாறும் பத்து நிமிஷத்தில், எல்லாரும் நர்ஸ்கள் அறையில் கூடிக் குறிப்பு கைமாற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ, தூங்கிக்கொண்டிருந்த இருவருடைய பட்டைகளையும் வெட்டி எறிந்துவிட்டு டிரைவருக்குச் சிவப்பும் தையல்காரருக்குப் பச்சையும் கட்டிவிட்டார்கள்.

எட்டு மணிக்கு டிரைவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தற்செயலாக நின்றிருந்த துணைக் கண்காணிப்பாளர் பெயரைக் கேட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, "நிறுத்துங்க!" என்று கத்தினார். அவர் மட்டும் இல்லையென்றால் நல்ல வயிற்றைக் கிழித்திருப்பார்கள் என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு.

ஆனால் அதற்குள் டிரைவருக்கு மயக்கத்துக்கு முன் போடும் ஊசியைப் போட்டுவிட்டார்கள். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, இப்போது ஆக்ஸிஜன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி, வீட்டுக்குக் கிளம்ப மடித்து வைத்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

பழி வார்டு சிஸ்டர் தலையில் விழுந்தது. வெட்டிய பழைய பட்டைகள் அவர் மேஜைக்குக் கீழே குப்பைக்கூடையில் கிடைத்தன. "மனுஷங்களுக்குக் கலர் அடிக்காதீங்க" என்று போன வாரம் ஸ்டாப்வாட்சிடம் எல்லார் முன்னாலும் சண்டை போட்டவரும் அவர்தான். மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்று டீன் அக்காவை அழைத்திருந்தார்.

"இன்னொரு விஷயம் மேடம்" என்றான் ஸ்டாப்வாட்ச். "ரெண்டு பட்டையும் வலது கையில கட்டியிருந்தது. எங்க முறைப்படி எப்பவும் இடது கை. அதோட கொக்கியும் தலைகீழா இருந்துச்சு. இது இடக்கைக்காரங்க கட்டினது."

"தம்பி, நீங்க எங்க தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர்!"

"அதுக்கென்ன, இவருக்கும் ஒரு பலகை மாட்டிடலாம். ஆணி என்கிட்ட இருக்கு" என்றான் ஸ்பீக்கர்.

யாரும் சிரிக்கவில்லை. 'இதுக்கு முன்னாடியெல்லாம் சிரிப்பாங்க' என்று நினைத்துக்கொண்டான்.

"ஊசி எப்பவுமே வார்டுலதான் போடுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"முன்னாடி தியேட்டர் உள்ள போனப்புறம்தான். போன வாரம்தான் நாங்க வார்டுக்கு மாத்தினோம். ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்."

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை அவன் சொன்ன விதம், தன் குழந்தை முதல் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல் இருந்தது.

*

வார்டு சிஸ்டர் நர்ஸ்கள் ஓய்வறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அழுத முகம் இல்லை. அடக்கிய கோபம் கன்னத்தில் சிவந்திருந்தது.

"ஒரு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று அக்கா பேனாவை நீட்டினார்.

சிஸ்டர் இடது கையால் வாங்கினார்.

ஸ்டாப்வாட்சும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஸ்பீக்கருக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷமாக அது அவன் பக்கம் வருகிற பார்வை.

"ஆமா, நான் இடக்கைதான். இருபத்தேழு வருஷமா இந்தக் கையாலதான் ஊசி போடுறேன். அதுக்கென்ன இப்ப?" என்றார் சிஸ்டர்.

"பட்டையை வலது கையில கட்டியிருக்காங்க."

"வலது கையிலயா?" சிஸ்டர் உண்மையாகவே திகைத்தார். "வலது கையில யாரு கட்டுவா? எங்க எல்லாரையும் உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்தாரே இந்த மனுஷன்! இடது கை, இடது கைன்னு ஆளுக்கு எழுபது தடவை கட்டிக் காட்டச் சொன்னாரு. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட என் கை நோயாளியோட இடது பக்கம்தான் போகும். நான் வேணும்னே மாட்டிவிட நினைச்சாலும் ஒழுங்காத்தான்யா கட்டியிருப்பேன்."

"நல்லா சமாளிக்கிறாங்க" என்று வெளியே வந்ததும் ஸ்டாப்வாட்ச் சொன்னான்.

"எனக்கு என்னமோ அவங்க சொன்னது..." என்று ஆரம்பித்தான் ஸ்பீக்கர்.

"டேய், நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. நாங்க குறிப்பை எழுதி முடிக்கிறோம்" என்றார் அக்கா.

நாங்க! அந்தச் சொல்லை மென்றுகொண்டே ஸ்பீக்கர் மாடிப்படி இறங்கினான். மாடிப்படி முழுக்க மாணவர்கள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நூலகத்தைத்தான் ஆலோசகர்கள் அலுவலகமாக்கியிருந்தார்கள். "அண்ணே, பார்த்து. எலும்பை மிதிக்காதீங்க" என்றாள் ஒரு மாணவி. படியில் பிளாஸ்டிக் தோள்பட்டை எலும்பு ஒன்று கிடந்தது.

"பரவாயில்லம்மா. எனக்கு மனசுதான் உடைஞ்சிருக்கு. அதுக்கு எந்த வார்டு?"

அந்தப் பெண் சிரித்தாள். உலகத்தில் ஒரு ஜீவனாவது சிரித்ததே என்று அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

நுழைவாயில் பக்கத்து டீக்கடையில் நின்று ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, வாசல் காவல்கார அம்மா அவனைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா?"

"இன்னும் அப்படியேவா சுத்திக்கிட்டு இருக்கீங்க? காலையிலேயே சொன்னேனே, அந்தக் கையில கட்டினா கொக்கி தலைகீழா நிக்கும்னு."

ஸ்பீக்கர் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பார்வையாளர்களுக்கான வெள்ளைப் பட்டை. உள்ளே வரும்போது அந்த அம்மாதான் கட்டிவிட்டார். "இடது கையை நீட்டுங்க" என்றதற்கு, "அதுல வாட்ச் இருக்கு, இதுல கட்டுங்க" என்று அவன்தான் வலது கையை நீட்டினான். பட்டையோடு ஒரு கையேடும் கொடுத்தார்கள். ஸ்டாப்வாட்சின் படம் அட்டையில் இருந்தது. பையில் திணித்ததோடு சரி.

கொக்கி தலைகீழாகத்தான் இருந்தது.

அவன் டீ டம்ளரை வைத்தான்.

"அம்மா, நீங்க எந்தக் கையால எழுதுவீங்க?"

"இதென்ன கேள்வி? சோத்துக் கையாலதான்."

"அப்புறம் எப்படிக் கொக்கி தலைகீழா ஆச்சு?"

"இது இடது கைக்குன்னே செஞ்ச பட்டை. வலது கையில யாரு கட்டினாலும் திரும்பிக்கத்தான் செய்யும். தினம் எத்தனை பேருக்குக் கட்டுறேன், தெரியாதா? அந்த ஆலோசகர் பாடத்துக்கு வாசல்ல நிக்கிற என்னைக்கூட விடாம உக்கார வச்சாங்க."

"எல்லாருமா வந்தாங்க?"

"கூட்டுறவங்கள்ல இருந்து பெரிய டாக்டருங்க வரைக்கும். கையெழுத்து வாங்கின நோட்டு டீன் ஆபீஸ் டைப்பிஸ்ட் கிட்ட இருக்கும்."

ஸ்பீக்கர் ஓடினான். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு மறுபடி ஓடினான்.

*

அக்கா குறிப்பின் கடைசி வரியில் இருந்தார். ஸ்டாப்வாட்ச் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, "இங்க ஒரு பத்தி பிரிக்கலாம் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் மூச்சு வாங்க வந்து, டைப்பிஸ்டிடம் கெஞ்சி வாங்கிய நோட்டை அந்தக் குறிப்பின்மேலேயே வைத்தான்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். தனியா."

"இவர் இருக்கட்டும். பரவாயில்ல."

"எனக்கு அப்படி இல்ல."

அக்கா நிமிர்ந்தார். அவன் குரலில் விளையாட்டு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வெளியே போனான்.

ஸ்பீக்கர் தன் வலது கையை நீட்டினான். "கட்டினவங்க வலக்கைக்காரங்க. கொக்கியைப் பாருங்க."

அக்கா பார்த்தார். தன் இடது மணிக்கட்டில் இருந்த பட்டையையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

"சொல்லு."

"இடக்கை, வலக்கை எதுவும் இல்லக்கா. இடது கையிலதான் கட்டணும்னே தெரியாத ஒரு ஆள் கட்டியிருக்கார். இந்த ஆஸ்பத்திரியில பாடத்துக்குப் போகாத ஆள், கையேட்டைத் திறக்காத ஆள். நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரே ஒரு பேருக்கு நேரா மட்டும் காலியா இருக்கு."

அக்கா விரலால் வரிசையைத் தடவிக்கொண்டு போய் நிறுத்தினார். அவர் புருவம் ஏறியது.

"துணைக் கண்காணிப்பாளரா? அவர்தானேடா காப்பாத்தினது!"

"அவர் அறை எந்த மாடி? தரைத்தளம். தியேட்டர் நாலாவது மாடி. டைப்பிஸ்ட் சொல்றபடி ஒரு வருஷமா அந்தப் பக்கமே வராதவர், இன்னிக்குச் சரியா எட்டு மணிக்கு அங்க என்ன பண்ணார்? கடைசி நிமிஷத்துல பிடிக்கணும்னு ஒரு ஆள் நினைச்சா, அடுத்தவனையா நம்புவான்? தானேதான் நிப்பான்."

"காரணம்?"

"வயித்தெரிச்சல்."

"எதை வச்சு சொல்ற?"

ஸ்பீக்கர் பையில் கைவிட்டு, கசங்கிப்போன ஆலோசகர் கையேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒருத்தன் மேல பொறாமை வந்துட்டா, அவன் எழுதினதைப் படிக்கத் தோணாதுக்கா. கையில தொடவே பிடிக்காது. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அக்கா கையேட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது இரண்டும் சூடாக இருந்தன.

"வா" என்றார் அக்கா. தான் எழுதிய குறிப்பை நாலாக மடித்துக் கிழித்தார். "நீயே பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

*

துணைக் கண்காணிப்பாளர் உயரமான மனிதர். வழுக்கையை மறைக்க முயலாத தலை, இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. காலையிலிருந்து பலர் வந்து கை குலுக்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை என்பதை ஸ்பீக்கர் கவனித்தான்.

"வாங்க. சிஸ்டர் விஷயமா? அவங்களை ரொம்பக் கடுமையாத் தண்டிக்க வேண்டாம்னு நான் டீன்கிட்ட சொல்லியிருக்கேன். தப்பு அவங்களோடது இல்ல. அந்தக் கலர் கூத்தோடது."

"அதேதான் சார் எங்களுக்கும் தோணுது" என்றான் ஸ்பீக்கர் குழைவாக. "குழுவுக்குச் செஞ்சு காட்டணும். எனக்கு இந்தக் கொக்கி பிடிபடல. ஒரு தடவை கட்டிக் காட்டுறீங்களா?"

ஒரு சிவப்புப் பட்டையை மேஜைமேல் வைத்து, இரண்டு கைகளையும் அவருக்கு முன்னால் நீட்டினான். வாட்சை முன்கூட்டியே கழற்றியிருந்தான்.

துணைக் கண்காணிப்பாளர் யோசிக்கவே இல்லை. பட்டையை எடுத்தார். அவனுடைய வலது கையைப் பிடித்தார். கச்சிதமாகச் சுற்றி அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது.

"ஏன் சார் வலது கை?"

"இடது கையில டிரிப்ஸ் ஏறும். பட்டை இடைஞ்சல் பண்ணும். அதனாலதான் வலது கைன்னு நான் அப்பவே எழுதி..."

நின்றுவிட்டார்.

தலைகீழாக நின்ற கொக்கியை ஸ்பீக்கர் அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"அப்பவே எங்க எழுதினீங்க டாக்டர்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அவர் இழுப்பறையைத் திறந்தார். நூல் கட்டிய பன்னிரண்டு பக்கங்களை வெளியே எடுத்தார். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. தலைப்பு: 'உள்நோயாளிகளுக்கு வண்ணப் பட்டை: ஒரு பரிந்துரை.' சிவப்பு, மஞ்சள், பச்சை. அத்தனையும் அதில் இருந்தது.

"ராத்திரி பகலா உக்காந்து எழுதினேன். டீன்கிட்ட மூணு தடவை கொடுத்தேன். 'பார்க்கலாம்'னார். பார்க்கவே இல்ல. போன மாசம் அந்தப் பையன் இதையே படம் போட்டுக் காட்டினான். எழுந்து நின்னு கை தட்டினாங்க. டீன்தான் முதல்ல தட்டினார்." பக்கங்களைத் தட்டி நேராக்கினார். "என்னையும் தட்டச் சொல்லி என் தோளைத் தொட்டார்மா."

"அதனால?"

"அவன் ஏற்பாடு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பாப் போகணும். அவ்வளவுதான் நினைச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தான் வாசல்லயே நின்னேனே! பேரைக் கேட்டு நிறுத்திட்டேனே! உள்ள போனாத்தானே ஊசி?"

"ஊசியை வார்டுக்கு மாத்தி ஒரு வாரம் ஆகுது சார்" என்றான் ஸ்பீக்கர்.

"என்னது?"

"கையேட்டுல இருக்கு. நானும் படிக்கல. டிரைவருக்கு ஏழரைக்கே ஊசி போட்டாச்சு."

"ஸ்ட்ரெச்சர்ல சோர்ந்து கிடந்தாரே... பயத்துலன்னு நினைச்சேன்." துணைக் கண்காணிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இவங்க வந்து கை குலுக்கினாங்க, அவங்க வந்து கை குலுக்கினாங்க... யாருமே ஊசி போட்டதைச் சொல்லலையே எனக்கு."

ஸ்பீக்கருக்கு வெற்றிக்களிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனிதர் தன் வீட்டுக் கண்ணாடியில் தெரியும் ஆளாட்டம் இருந்தார், இருபது வருஷம் கூட்டி.

அக்கா அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். "இது உங்க பிரதி. டீன்கிட்ட கொடுத்தது எங்க?"

"குப்பைக்குப் போயிருக்கும்."

"இல்ல" என்றான் ஸ்பீக்கர். ஆறு வாரத்துக்கு முன் நூலகம் கைமாறியபோது மாணவர்களின் புத்தகங்களை அகற்றிவிட்டு, டீன் அலமாரியிலிருந்த பழைய கோப்புகளை ஆலோசகர்களுக்காக அங்கே கொட்டியதாக டைப்பிஸ்ட் புலம்பியிருந்தார். "அக்கா, மேல போவோம்."

தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டாப்வாட்சின் மேஜைக்குப் பின்னால், இரண்டாம் தட்டில், அதே நூல்கட்டு. பக்கத்துக்குப் பக்கம் நீலநிறத் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. மூன்றாம் பக்கத்தில், 'வலது கை' என்ற இடத்தில் அடித்துவிட்டு 'இடது' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

ஸ்டாப்வாட்ச் கதவருகே நின்றிருந்தான். முதல் முறையாக அவனுக்குச் சிரிக்க வரவில்லை.

"ஊருக்கு ஊர் இப்படித்தான் மேடம். உள்ளே இருக்கிறவங்க எழுதி வச்சதைத்தான் நாங்க தொகுக்கிறோம். அவங்க சொன்னா கேக்க மாட்டாங்க. நாங்க சொன்னா கேப்பாங்க."

"பேரு போடலாம்ல தம்பி?" என்றார் அக்கா.

"போட்டா எங்களை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அக்கா அவனையே பார்த்தார். அவர் முகம் இறுகியிருந்தது. ஸ்பீக்கர் அந்த முகத்தைக் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

*

நான்கு மணிக் கூட்டத்தில் அக்கா உட்கார்ந்துகொண்டார். "கண்டுபிடிச்சது இவர். இவரே சொல்லட்டும்" என்றார். எட்டு வருஷத்தில் அக்கா அவனை 'இவர்' என்றது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கர் சொன்னான். எப்போதும் அரை மணி நேரம் இழுப்பவன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

டீன் தலை நிமிரவில்லை. வார்டு சிஸ்டர், "வாயால மன்னிப்புக் கேட்டா போதாது, எழுதிக் கொடுங்க" என்று நின்று வாங்கிக்கொண்டு, அங்கேயே தொப்பியை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

விசாரணை முடியும்வரை பணிக்கு வரக்கூடாது என்ற உத்தரவில் துணைக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். பிறகு யாரும் சொல்லாமலே ஐந்தாம் வார்டுக்கு நடந்தார். அக்காவும் ஸ்பீக்கரும் பின்னால் போனார்கள்.

டிரைவர் கண் விழித்திருந்தார். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். மனைவி கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். துணைக் கண்காணிப்பாளர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"உங்களுக்கும் இவருக்கும் என்ன பகை?"

"ஒண்ணும் இல்லம்மா. தியேட்டர் வாசல்ல கேட்டப்பதான் இவர் பேரே எனக்குத் தெரியும்."

"அப்ப யார் மேலயோ இருந்த கோபத்துக்கு எம் புருஷன் கையைப் பிடிச்சீங்களா?"

அந்த அம்மா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, அடுத்த கரண்டி கஞ்சியை ஊதி ஆற்றினார். டிரைவர் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணைக் கண்காணிப்பாளர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்.

வண்டிவரை ஸ்பீக்கர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னடா, உடம்புக்கு முடியலையா?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"டீன் என்னை ரெண்டு நாள் இருக்கச் சொல்றார். ஆலோசகர் அறிக்கை முழுசையும் திருப்பி எழுதணுமாம். எந்த யோசனை யாரோடதுன்னு பேரு போட்டு. அந்தப் பையனும் கூட உக்காரச் சம்மதிச்சிருக்கான்."

"ரெண்டு நாளா? அவன்கூடவா?"

"யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீ வேண்டாம்னா வேண்டாம்."

காலையில் பற்றிய அதே இடத்தில் அவனுக்கு மறுபடி பற்றியது. ஒரே மேஜை, இரண்டு நாற்காலி, 'பிரமாதம் தம்பி.' வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. மேலே ஐந்தாம் வார்டு சன்னலில் வெள்ளைக் கோட்டு ஒன்று இன்னும் அசையாமல் தெரிந்தது.

"இருங்கக்கா" என்றான். "நீங்க இல்லன்னா அவன் மறுபடி பேரை விட்டுடுவான். சிஸ்டரு, வாசல் அம்மா, எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுங்க. நான் ஆபீஸைப் பார்த்துக்கிறேன்."

அக்கா அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே திரும்பி நடந்தார். படியில் ஸ்டாப்வாட்ச் கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தான். எரிச்சல் கொஞ்சமும் தணியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.